செத்த ஜான் மன்னர் சிரித்தாக வேண்டும்

போன மாதம் தர்ஷினி தொலைபேசியில் அழைத்தாள். யாழ்ப்பாணத்துப் பெற்றோரின் மகள். ஆக்லாந்தின் மனுகாவ்வில் மேக்கப் படித்துவிட்டு, முதல் பெரிய தொடரில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள்.

“அங்கிள், நீங்கள் ஜான் மன்னருக்குத் தாடி வைச்சனீங்கள் எண்டு மோய்ரா சொன்னவ. ஓமோ?”

“ஆமா. எந்த ஜானுக்கு?”

“எந்த ஜானோ? ஒரு ஜான்தானே இருந்தவர்?”

“சரித்திரத்துல ஒருத்தர்தாம்மா. நான் தாடி ஒட்டினது மூணு பேருக்கு. மூணு பேரும் ஒரே ஆள்.”

“இந்த முறை அவர் நல்லவராம் அங்கிள். கெட்ட கதையெல்லாம் பிறகு வந்த ஆக்கள் கட்டினதாம். நல்லவருக்கு எப்பிடித் தாடி வைக்கிறது?”

எழுதி அனுப்புகிறேன் என்றேன். வாயால் சொன்னால் பாதியில் இயக்குநர்களைத் திட்டத் தொடங்கிவிடுவேன். அந்தப் பெண் இனிமேல்தான் அவர்களோடு பிழைக்க வேண்டும்.

ஜான் மன்னரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்ணூறு வருடத்துக்கு முன்பு இங்கிலாந்தை ஆண்டவர். அண்ணன் பெரிய வீரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். தம்பிக்கு அந்த ராசி இல்லை. பிரான்சில் இருந்த நிலங்களைத் தொலைத்தார். வரிமேல் வரி போட்டார். பிரபுக்கள் ஒன்றுசேர்ந்து ஓர் உரிமைச் சாசனத்தில் முத்திரை வைக்க வைத்தார்கள். நகைநட்டு ஏற்றிய வண்டிகள் கடலோரச் சேற்றில் மூழ்கின. கடைசியில் வயிற்றுப்போக்கில் செத்தார். வாழ்க்கையில் எதுவும் விளங்காத இந்த மனிதர்மேல் படம் எடுக்கிறவர்களுக்கு மட்டும் தீராத ஆசை. பொறாமைக்காரன், கோழை, அழுமூஞ்சி என்று வகைவகையாக எடுத்துத் தள்ளுகிறார்கள். சமாதியிலிருந்து எழுந்து வந்து பார்த்தால், பிரபுக்களே தேவலை என்று திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வார்.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. கோடம்பாக்கத்தில் பிரஷ் கழுவினேன், விக்கில் சிக்கெடுத்தேன், திட்டு வாங்கினேன். ஒருநாள் கதாநாயகனின் சித்தப்பாவுக்கு மீசை ஒட்டச் சொன்னார்கள். மாலைவரை அது விழவில்லை. மேக்கப்மேன் ஆகிவிட்டேன். பல வருடம் கழித்து, நர்ஸாக இருந்த என் மனைவி வசந்தாவுக்கு ஆக்லாந்தில் வேலை கிடைத்தது. அவளுடைய விசாவைப் பிடித்துக்கொண்டு நானும் வந்தேன். கொஞ்ச காலம் வெஸ்ட்கேட்டில் ஒரு கடையில் அலமாரி அடுக்கினேன். மேற்கே படப்பிடிப்புத் தளங்கள் இருக்கின்றன என்று தெரிந்ததும் மோய்ராவின் முன்னால் போய் நின்றேன்.

மோய்ராதான் அங்கே மேக்கப் பிரிவின் தலைவி. குட்டையான பெண்மணி, எந்த வெயிலிலும் ஒரு கம்பளிச் சட்டை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். வேலை நன்றாக இருந்தால் ‘மோசமில்லை’ என்பார். மோசமாக இருந்தால் ‘சுவாரஸ்யமாக இருக்கிறது’ என்பார். என் முதல் மாதம் முழுக்க சுவாரஸ்யமாகவே கழிந்தது.

அவரிடம் நான் முதலில் கற்றது, முகத்தைத் தொடும் முன்பு கேட்க வேண்டும் என்பது. கோடம்பாக்கத்தில் தாடையைப் பிடித்து, மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவோம். இங்கே, “இப்போது உங்கள் மோவாயைத் தொடப்போகிறேன், பரவாயில்லையா?” என்று கேட்டு, அவர் தலையசைத்த பிறகுதான் விரல் போக வேண்டும். ஆரம்பத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போன மாதிரி கூச்சமாக இருந்தது.

தாடிக்கு முதல் வேலை சவரம். எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, மோவாயின் நடுவிலிருந்து ஸ்பிரிட் கம் என்ற பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும். விரலில் ஒட்டி இழுபடுகிற பதம் வரும்வரை காத்திருந்து, வலையில் பின்னிய தாடியை நடுவில் பொருத்தி, ஈரத்துணியால் ஓரத்தை நோக்கி அழுத்த வேண்டும். வலையின் விளிம்பு தெரியாதபடி, மேலே ஒவ்வொரு முடியாக ஒட்ட வேண்டும். காயும்வரை ஆள் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. முடிந்ததும் மோய்ரா எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துத் தன் டேப்லெட்டில் வைத்துக்கொள்வார். மறுநாள் அதே முடி அதே இடத்தில் இருந்தாக வேண்டும்.

முதல் ஜான் வந்தது குழந்தைகள் தொடரில். காட்டில் ஒளிந்து வாழும் வில்லாளி நல்லவன், ஜான் பொல்லாதவன். தாடி எப்படி வேண்டும் என்று கேட்டதற்கு, “கடித உறையைக் குத்திக் கிழிக்கிற மாதிரி கூர்மையாக,” என்றார் இயக்குநர்.

ஜானாக வந்தவர் கிரெக். நாடகக்காரர், கனத்த குரல், மொட்டைத் தலை. ஈ வந்தால்கூட அடிக்காமல் ஜன்னலைத் திறந்து வழியனுப்புகிறவர். அந்தக் கூர்த்தாடியை ஒட்டியதும் பக்கத்தில் நிற்கவே நமக்குப் பயமாக இருக்கும். அவரிடம் இருந்த ஒரே கஷ்டம், பசை காயும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

அந்தத் தொடரில்தான் என் பெயர் தளம் முழுக்கப் பரவியது. எங்கள் கோடம்பாக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், கேமரா நிற்கும் முன்பு கண்ணைத் திறந்து அதைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். எத்தனை பெரிய நடிகரானாலும் சரி. இது நடிப்புதான், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று எமனுக்குத் தெரிவித்துவிடுவது நல்லது. நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பேன். சிரிக்க வைக்காமல் விடுவேனா என்றால் அதுவும் மாட்டேன்.

ஜானின் படையை வில்லாளியின் ஆட்கள் வெட்டிச் சாய்க்கும் காட்சி. கூட்டத்து ஆட்களுக்கு ரத்தம் பூசுவது என் வேலை. நல்ல எண்ணத்தில், ஒவ்வொருவருக்கும் பூசும்போதே சொல்லிவைத்தேன். அவர்கள் அதை இயக்குநரின் உத்தரவு என்று எடுத்துக்கொண்டார்கள். புல்வெளி முழுக்கச் சிப்பாய்கள் செத்துக் கிடக்கிறார்கள். கேமரா மெல்ல அவர்கள்மேல் நகர்கிறது. சோகமான நிமிடம். திடீரென்று மொத்தப் பட்டாளமும் தலையைத் தூக்கி, ரத்த வாயோடு பல்லைக் காட்டியது.

இயக்குநர் ஒலிபெருக்கியில் கத்தினார்: “ஏன் பிணங்களெல்லாம் சிரிக்கின்றன?”

மோய்ரா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை. தேநீர் போட்டு ஒரு கோப்பையை என் முன்னால் வைத்தார்.

“சபா, பிணங்கள் சிரித்தன.”

“ஆமா. நான்தான் சொன்னேன்.”

“சுவாரஸ்யமாக இருக்கிறது.”

எமனைப் பற்றி விளக்கினேன். எருமையில் வருவார் என்றும் சொன்னேன். அவர் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். “இனிமேல் செய்வதற்கு முன்பு என்னிடம் கேள்.”

“கேட்டா சரின்னு சொல்வீங்களா?”

“யே, நா,” என்றார். ஆமாம் என்று தொடங்கி இல்லை என்று முடிப்பது இந்த ஊர்க்காரர்கள் மனம் நோகாமல் மறுக்கிற விதம். நான் செய்தது தப்பு என்று இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்று படுத்து எழுந்த யாருக்கும் ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை.

தொடர் நன்றாக ஓடியது. கிரெக்குக்குத்தான் சனி பிடித்தது. வில்லன் நடிகரைத் தெருவில் பார்த்தால் மண்ணை வாரித் தூற்றுவது நம் ஊர்க்காரர்கள் மட்டும் செய்வது என்று நினைத்திருந்தேன். வெஸ்ட்கேட்டில் சாமான் வாங்கப் போனவரின் முழங்காலில் ஒரு குழந்தை ஓடிவந்து உதைத்துவிட்டுப் போயிருக்கிறது. அதைப் பெருமையாகத்தான் சொன்னார். நடிப்புக்குக் கிடைத்த பரிசாம்.

ஆனால் தகனினி என்ற புறநகரில் தன் மகள் கேட் வீட்டில் நடந்ததைச் சொன்னபோது அவர் முகத்தில் பெருமை இல்லை. பேத்தி ரூபி அந்தத் தொடரைப் பார்த்திருக்கிறாள். அதுவரை தாத்தாவின் மொட்டைத் தலையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த குழந்தை, அவர் கார் வாசலில் நின்றாலே சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறாள். ஏழைகளின் ரொட்டியைப் பிடுங்குகிறவர் வந்திருக்கிறார் என்று தன் பங்கு ரொட்டியை வேறு ஒளித்து வைக்கிறாள். அது ஒட்டுத்தாடிதான் என்று சொல்லிப் பார்த்தார்கள். கெட்டவர்கள் மாறுவேடத்தில் வருவார்கள் என்று அதே தொடரில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தன் பிறந்த நாளன்று, அவர் இருந்தால் கேக் வெட்ட மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறாள்.

“அப்புறம் என்ன செஞ்சீங்க?” என்று கேட்டேன்.

“கராஜுக்குப் போயிட்டேன். கேட் என் கேக்கை அங்கே கொண்டுவந்து கொடுத்தாள். புல் வெட்டுற மெஷின் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு மனது வலித்தது. அந்தத் தாடியைக் கூராக்கியது என் கைதானே.

இரண்டாவது ஜான் பள்ளிகளுக்கான சரித்திரப் படத்தில் வந்தார். இதில் அவர் கெட்டவரில்லை, அசடு. அதற்கு உருண்டையான, கழுத்தே தெரியாத தாடி. சாசனத்தில் முத்திரை வைக்கும் காட்சியில் கிரெக் குனிந்து பார்த்தார். நான் உருண்டையாக வளர்த்த தாடி சாசனத்தின்மேல் உருகியிருந்த முத்திரை அரக்கில் போய் அழுந்தியது. நிமிர்ந்தபோது இங்கிலாந்து மக்களின் உரிமைகள் அனைத்தும் மன்னரின் மோவாயில் தொங்கிக்கொண்டிருந்தன. பிரபுக்களாக நின்றவர்களுக்கு வசனமே வரவில்லை.

அந்தப் படத்தையும் ரூபிக்குக் காட்டினார்களாம். ராஜா கெட்டவர் மட்டுமில்லை, முட்டாளும்கூட என்று அவள் முடிவுக்கு வந்தாள்.

மூன்றாவதுதான் கடினமான வேலை. பெரியவர்களுக்கான தொடர். அவசரமும் அறிவும் சம அளவில் உள்ள ஓர் இளைஞர் இயக்கினார். ஜானை ஒரு மனிதராகக் காட்டப்போகிறேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கிரெக்குக்கு அதைக் கேட்டதிலிருந்து கால் தரையில் பாவவில்லை.

“சபா, இந்த ஜானைப் பார்த்தால் யாருக்கும் பாவமா இருக்கும். ரூபிக்குக்கூட.”

“வாயை மூடுங்க, பசை காயல.”

“அவள் இந்த ஒரு தடவை சோபாவுக்குப் பின்னால இருந்து வெளியே வந்தாப் போதும். அப்புறம் நான் நடிக்கவே வேண்டாம்.”

அந்த வருடம் குளிர்காலத்தில்தான் அவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதனால் அவர் அப்படிப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

நகைப்பெட்டிகள் மூழ்கும் காட்சியை மனுகாவ் துறைமுகப் பக்கம், அலை வற்றிய சேற்றில் எடுத்தோம். பெட்டி மிதந்தது. மேக்கப் வேன் மூழ்கியது. ஜானின் தாடிகளையெல்லாம் மோய்ராவும் நானும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு இடுப்பளவு சேற்றில் நடந்து வந்தோம். “சுவாரஸ்யமாக இருக்கிறது,” என்றார் அவர்.

அடுத்து மரணப் படுக்கை. தளத்துக்குள் கோட்டையின் அறை போட்டிருந்தார்கள். அன்று கிரெக்கின் முகத்துக்கு நான் செய்த வேலைதான் என் தொழிலில் சிறந்தது என்று நினைக்கிறேன். தாடியை ஒட்டிவிட்டு, நோயில் உதிர்ந்தது தெரியும்படி அங்கங்கே முடியைக் களைந்தேன். கன்னத்துக்குச் சாம்பல் நிறம், கண்ணுக்குக் கீழே லேசான ஊதா. நெற்றியில் கிளிசரின் வியர்வை, உதட்டில் வெடிப்பு. பல்லுக்கு அழுக்குக் கறுப்பு. மோய்ரா சுற்றி வந்து பார்த்து, “மோசமில்லை,” என்றார். இரண்டு தடவை சொன்னார்.

இந்த முறை முறைப்படி முன்பே கேட்டேன். “கடைசியில சிரிக்கணும், மோய்ரா.”

அவர் இயக்குநரிடம் போய்க் கேட்டார். இயக்குநர் முடியவே முடியாது என்றுவிட்டார். மொத்தத் தொடரும் அந்த மூச்சில்தான் முடிகிறது. நடிகரின் மனநிலையைக் கலைக்கக் கூடாது. அடுத்த காட்சிக்கு நேரமாகிவிட்டது. அவர் பக்கம் பார்த்தால் நியாயம்தான்.

கேமரா ஓடியது. கிரெக் இறந்தார். எத்தனையோ திரைச் சாவுகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். மார்பில் கை வைத்து இருமி, வசனம் பேசி, தலையைச் சாய்ப்பார்கள். இவர் ஒன்றும் செய்யவில்லை. எதையோ கேட்க வாயைத் திறந்தார். யாரும் கிட்ட வராததால் மறுபடி மூடிக்கொண்டார், அவ்வளவுதான். நான் ஒட்டிய தாடிக்குப் பின்னால் ஒரு மனிதர் யாருக்கும் வேண்டாதவராகப் போய்ச் சேர்ந்தார். வெளிப்படையாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாகிவிட்டது. ஸ்டென்ட் வைத்த உடம்பு. மூச்சு விடுவதே தெரியவில்லை.

“கட்,” என்றார் இயக்குநர். எல்லோரும் கைதட்டினார்கள். கட்டிலை நகர்த்த ஆட்கள் வந்தார்கள்.

அப்போது மோய்ரா வாயைத் திறந்தார். குரல் தரைக்கு இறங்கியிருந்தது. “யாரும் அவரை எழுப்ப வேண்டாம். மேக்கப் பிரிவுக்கு ஒரு படம் வேண்டும்.”

“எடுத்துக்கொள்ளுங்கள்,” என்றார் இயக்குநர்.

“அசையும் படம். இதே வெளிச்சத்தில், இதே கேமராவில். நாளைக்கு இந்தக் காட்சியைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தால், தாடி எப்படி அசையும் என்று எனக்குத் தெரிய வேண்டும். பல்லின் கறுப்பும் தெரிய வேண்டும்.”

அன்றுவரை எந்தத் தாடிக்கும் அவர் அசையும் படம் கேட்டதில்லை. ஆனால் மோய்ரா அந்தக் குரலில் கேட்டால் தளத்தில் யாரும் மறுத்ததும் இல்லை. கேமரா மறுபடி ஓடியது. பக்கத்தில் நின்று தன் டேப்லெட்டிலும் எடுத்துக்கொண்டே, ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிடுகிற தொனியில் சொல்லிக்கொண்டு போனார்.

“கிரெக், கண்ணை மூடியே இரு. இப்போது திற. கேமராவைப் பார். மேல் பல். கீழ்ப் பல். நல்லது. இப்போது மனசார.”

கிரெக் என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது. செத்த ராஜா கறுத்த பல் அத்தனையும் தெரியச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் தாடியின் வலதுபக்கம் பிய்த்துக்கொண்டு தொங்கியது. “சபா, இந்தச் சனியன் அரிக்குது!” என்றார். தளமே சிரித்தது. இயக்குநர்கூட.

மோய்ரா டேப்லெட்டை மூடியபடி என்னைக் கடந்து போனார். “உன் எமனிடம் சொல்லிவிடு,” என்றார்.

தொடர் வெளிவந்தபோது, கடைசிப் பகுதியைச் சேர்ந்து பார்க்கலாம் என்று கேட் எங்களைத் தகனினிக்கு அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். கொல்லையில் பார்பெக்யூ புகைந்துகொண்டிருந்தது. வசந்தா வடை கொண்டுவந்திருந்தாள். சாவுக் காட்சி குழந்தைக்கு வேண்டாம் என்று ரூபியை வெளியே டிராம்போலினில் குதிக்க விட்டிருந்தார்கள். கிரெக் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவள் வந்தால் கராஜுக்கு எழுந்து போக வசதியாக இருக்கும் என்று அவர் விளக்கியபோது, கேட் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தக்காளி சாஸ் எடுக்க ரூபி உள்ளே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. திரையில் ராஜாவைக் கண்டதும் வழக்கம்போல் சோபாவுக்குப் பின்னால் புகுந்திருக்கிறாள். ராஜா எதையோ கேட்க வாயைத் திறந்தார்; யாரும் வரவில்லை; மூடிக்கொண்டார்.

சோபாவுக்குப் பின்னாலிருந்து ஓர் அலறல் வந்தது. “தாத்தா!”

அத்தனை நாள் ராஜா என்று பயந்தவள், ராஜா செத்த நொடியில் தாத்தாவை அடையாளம் கண்டுகொண்டாள். அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை. கிரெக் கையில் சாசேஜோடு ஓடி வந்து, “நான் இங்கேதான் இருக்கேன் கண்ணு, இங்கே பார்!” என்றார். அவள் அவரைப் பார்த்தாள், திரையில் கிடந்த பிணத்தைப் பார்த்தாள், இன்னும் உரக்க அலறினாள். தாத்தா இரண்டாகிவிட்டார், அதில் ஒன்று செத்தும்விட்டது. எந்தக் குழந்தைதான் தாங்கும்? கேட் தூக்கினாள், ஆகவில்லை. கிரெக் கிட்டப் போனால் கைகால் உதறினாள். அவர் கராஜ் கதவுப் பக்கம் திரும்பினார்.

வசந்தா என் விலாவில் இடித்தாள். “அந்த வீடியோ உங்க போன்ல இருக்குல்ல? எடுங்க சீக்கிரம், என்ன முழிச்சுக்கிட்டு நிக்கிறீங்க!”

ஒளிபரப்பு முடியும்வரை யாருக்கும் காட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்து மோய்ராவிடம் கேட்டு வாங்கியது. ரூபியின் முன்னால் தரையில் உட்கார்ந்து போனை நீட்டினேன். மோய்ராவின் குரல் கேட்டது. செத்த ராஜா கண்ணைத் திறந்தார். மேல் பல், கீழ்ப் பல், பிறகு மனசார. தாடி பிய்த்துக்கொண்டு தொங்கியது.

அழுகை விக்கலாக இறங்கியது. “மறுபடி,” என்றாள். போட்டேன். மறுபடியும் கேட்டாள். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கதவருகே நின்ற கிரெக்கிடம் நடந்து போனாள். அவர் அசையவில்லை. அவரைக் குனியச் சொன்னாள். தாடி தொங்கிய அதே வலது கன்னத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது கையோடு வரவில்லை.

“செத்துக் காட்டு,” என்றாள்.

முழங்கால் வலியோடு மனிதர் தரைவிரிப்பில் படுத்துச் செத்தார். சிரித்தார். மறுபடி சாகச் சொன்னாள். கொல்லையில் சாசேஜ் கருகியது, யாரும் போகவில்லை. ஜான் மன்னர் அன்று மதியம் முழுக்க அந்த வீட்டில் செத்துச் செத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை களைப்பில் கண்ணைத் திறக்கக் கொஞ்சம் தாமதித்துவிட்டார். ரூபி அதற்கு மேல் பொறுக்கவில்லை. அவர் மார்பின்மேல் ஏறி உட்கார்ந்து, இரண்டு விரல்களால் வாயின் இரு ஓரங்களையும் பிடித்து இழுத்து, அவரைச் சிரிக்க வைத்தாள்.